நாலில் பாதி மூன்று

இளையபெருமாளுக்கு வலது தோள் கழன்று கீழே விழுந்துவிடும் போலிருந்தது. ஆறு நாளாகக் கடப்பாரை. முதல் இரண்டு நாள் வலி முதுகோடு நின்றது. மூன்றாம் நாள் தோளுக்கு ஏறியது. இப்போது சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோக இடது கை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இடது கையிலோ மூன்று விரல்தான். மற்ற இரண்டையும் பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியின் இரும்பு ராடு நசுக்கிவிட்டது.

தோண்டியது மண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சின்னப்பாறைக்குடியில் ஒரு முழத்துக்குக் கீழே சுக்கான்கல். கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும், மண் பறக்காது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து காலனி வரைக்கும் முந்நூற்று நாற்பது மீட்டர் குழாய். அதை இடம் இடமாகத் தோண்டி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்தான். எங்காவது ஈரம் பட்டால் போதும், கசிவு அகப்பட்டுவிடும், காலனிக்காரர்கள் வாய் அடங்கிவிடும். ஈரமே படவில்லை. பூமி காய்ந்த எலும்பு மாதிரிக் கிடந்தது.

வேப்பந்தட்டையிலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. மேற்கே பச்சைமலை தெரியும், மழைதான் தெரியாது. பருத்தி, மக்காச்சோளம், கிணறு உள்ளவனுக்குச் சின்ன வெங்காயம். ஊர் என்று சொல்லப்படுகிற பக்கம் நூற்றுப்பத்து வீடு. காலனி என்று சொல்லப்படுகிற பக்கம் நூற்றைந்து. இரண்டுக்கும் நடுவில் புறம்போக்கில் ஒரு ஆழ்துளைக் கிணறு. அரசாங்கப் பணத்தில் போட்டது. அறுநூற்று நாற்பது அடியில் நாலு இன்ச் தண்ணீர் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் நாலு இன்ச் என்பது புதையல். ஒரு இன்ச்சுக்கே ஆட்டை வெட்டுவார்கள்.

புதையல் கிடைத்த ஒன்பதாம் நாள் சண்டை வந்தது. ஊர்க்காரர்கள் காலனிக் குழாயை அறுத்தார்கள். காலனிக்காரர்கள் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார், இரண்டு பக்கத்தையும் வைத்துக் கூட்டம் போட்டார். ஆளுக்குச் சரிபாதி என்று எழுதிக் கையெழுத்தானது. அப்புறம்தான் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. சரிபாதி என்று எழுதியாயிற்று, ஓடுகிற தண்ணீரை எப்படிச் சரிபாதியாக்குவது?

அப்போது கையில் கட்டோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றவன் இளையபெருமாள். பதினெட்டு வருஷம் போர் வண்டியில் ராடு தூக்கியவன். ஆந்திரா, கர்நாடகா, ராஜஸ்தான் என்று அவன் கால் படாத காடில்லை. அவன்தான் முன்னால் வந்து சொன்னான். போர் போட்டவுடன் தண்ணீரை அளக்க ஒரு தகடு வைப்பார்கள். தகட்டின் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு, கூர் கீழே, அகலம் மேலே. தண்ணீர் அந்த வெட்டில் எவ்வளவு உயரம் நின்று ஓடுகிறதோ அத்தனை இன்ச். அதே தகட்டைத் தொட்டியில் காலனிப் பக்கச் சுவரில் பதித்துவிடலாம். ஊர்ப் பக்கம் ஒரு வால்வு. வால்வை மூடினால் மொத்தத் தண்ணீரும் தகட்டில் ஏறி நாலு இன்ச் காட்டும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தகட்டில் ரெண்டு இன்ச்சுக்கு இறங்கும்போது நிறுத்திவிட வேண்டியது.

"நாலுல பாதி ரெண்டுங்க சார்," என்றான். "இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலில் பாதி ரெண்டு என்பதற்கு எதிர்ப்பேச்சு பேச இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. விரல் போனவனுக்கு அன்றைக்கே பஞ்சாயத்தில் தொட்டி ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வேலையைவிட இன்னொன்று பெரிதாகக் கிடைத்தது. காலனியில் பிறந்த ஒருத்தன் வாயால் சொன்ன அளவை ஊர்க்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவன் அப்பன் காலத்தில் களத்தில் நெல் அளக்க மரக்காலைத் தொடவே விட்டதில்லை. இவனை இரண்டு பக்கமும் அளவுகாரன் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அவன் மீசை மாதிரி வளர்த்தான்.

பதினோரு வருஷம். தினம் காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவான், பத்து மணிக்கு நிறுத்துவான். தகட்டுக்குக் கிட்டத்தில் தண்ணீர் சரிந்து ஓடும், அங்கே அளந்தால் பொய் சொல்லும் என்று, ஒரு முழம் தள்ளித் தொட்டிச் சுவரில் எவர்சில்வர் ஸ்கேல் ஒன்றைப் பதித்து வைத்திருந்தான். ரெண்டுக்கு மேலே நூல் அளவு ஏறினாலும் வால்வைத் திருப்புவான், இறங்கினாலும் திருப்புவான். ஊர்க்காரன் ஒருத்தன் வேட்டிக்குள் ஐந்நூறு ரூபாயைச் சுருட்டிக்கொண்டு வந்து காது கடித்தபோது அவனைத் தொட்டி மேட்டிலிருந்து இறங்கச் சொன்னவன். காலனிக்காரனிடம் மட்டும் நெகிழ்ந்துவிடுவானா?

காலனிக்கு வந்த தண்ணீரை வீட்டுக்குப் பங்கு போட்டால் ஏழு குடம் வந்தது. ஆகவே வீட்டுக்கு ஏழு குடம் என்று கட்டுப்பாடு. குழாயடியில் அவனே நின்று எண்ணுவான். ஊரில் எண்ணிக்கை கிடையாது. அங்கே மாடு குளிப்பாட்டினார்கள், டிராக்டர் கழுவினார்கள். பாதி பாதி என்கிறாயே, அவர்களுக்கு மட்டும் எப்படி மாட்டுக்கும் மிஞ்சுகிறது என்று காலனியில் கேட்டவர்களுக்கு அவனிடம் எப்போதும் ஒரே பதில்தான். அங்கே பாதி வீட்டில் சொந்த போர் இருக்கிறது. நீங்கள் குழாயை மூடாமல் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். கசிவு இருந்தாலும் இருக்கும். கசிவு தேடி இதற்கு முன்னாலும் மூன்று தடவை தோண்டியிருக்கிறான்.

இந்தத் தடவை தோண்டியது கலைமணி கொடுத்த மனுவால். அவள் காலனியின் வார்டு உறுப்பினர். திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் தையல் எண்ணி எண்ணிக் கண்ணில் கணக்கு ஏறியவள். பெரம்பலூரில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள், எங்களுக்குப் பாதித் தண்ணீர் வரவில்லை என்று. மனு மேலே போய்க் கீழே வந்தது. பதில் இப்படி: மோட்டார் வாயில் மீட்டர் பொருத்தப்படும். கசிவு இருந்தால் அடைக்கப்படும். இனிமேல் தகராறு வராமல் வால்வு இப்போது நிற்கிற இடத்திலேயே இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டிச் சீல் வைக்கப்படும். பொறியாளர் வருவார். பிரிப்பு சரிபாதி என்று ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

பொறியாளர் வருவதற்கு முதல் நாள் காலையில் அவனுக்கு வேறொரு யோசனை வந்தது. கசிவைத் தோண்டித்தான் பார்க்க வேண்டுமா? குழாயில் இந்தப் பக்கம் போகிற தண்ணீரும் அந்தப் பக்கம் விழுகிற தண்ணீரும் ஒன்றாக இருந்தால் நடுவில் எங்கேயும் ஓட்டை இல்லை. மகன் ரஞ்சித்குமார் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். அவன் கொண்டுவந்து போட்ட இருநூறு லிட்டர் நீல டிரம் வீட்டில் இருந்தது. அதை உருட்டிக்கொண்டு போய்க் காலனித் தரைத்தொட்டியில் இறக்கி, குழாய் வாய்க்கு நேரே வைத்தான். செல்போனில் நேரம் பார்த்தான். டிரம் நிரம்ப நாலு நிமிஷம் ஒன்பது விநாடி. பிறகு அதே டிரம்மை மேட்டுக்கு உருட்டிவந்து, தகட்டிலிருந்து தண்ணீர் விழுகிற செங்கல் குழிக்குள் நிறுத்தினான். அங்கேயும் நாலு நிமிஷம் எட்டு, ஒன்பது.

கசிவு இல்லை. போட்ட தண்ணீர் வந்து சேர்கிறது. ஆறு நாள் தோள் வலி தண்டம் என்று ஒரு எரிச்சல் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அத்தோடு டிரம்மை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

கலைமணி வாயை முழுதாக அடைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். மொத்தத் தண்ணீரில் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இதோ பார், அது ரெண்டு நிமிஷம், இது நாலு நிமிஷம், சரிபாதி என்று காட்டிவிடலாம். ஊர் வால்வை இறுக மூடினான். தண்ணீர் தகட்டில் ஏறி நாலைத் தொட்டு நின்றது. டிரம்மைக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போனில் விநாடி எண்ணத் தட்டினான்.

நாற்பத்து நாலு விநாடி.

போனைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். டிரம்மை உதைத்துக் கவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தான். நாற்பத்து நாலு. மூன்றாம் தடவை போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாயால் எண்ணினான். நாற்பத்தைந்துக்குள் டிரம் வழிந்தது. வால்வைத் திறந்து ரெண்டுக்கு இறக்கினான். நாலு நிமிஷத்துக்கு மேல். நாலு நிமிஷத்தை விநாடியாக்கி நாற்பத்து நாலால் வகுத்துப் பார்த்தான். அஞ்சரை தாண்டியது. அப்படியென்றால் காலனிக்குப் போனது பாதி இல்லை. கால்கூட இல்லை. ஆறில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். அடுப்புக் கரித் துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்ட் சுவரில் தகட்டின் வெட்டைக் கீறினான். நடு உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டான். பார்த்த கண்ணுக்கு அப்போதுதான் பட்டது. கோட்டுக்குக் கீழே இருப்பது கூர். சின்ன முக்கோணம். அதே அளவு முக்கோணம் மேலே மூன்று அடங்கும். உயரத்தில் பாதி, வழியில் கால். அது மட்டுமில்லை. தொட்டி நிரம்பியிருக்கும்போது அடிக்குழாய் பீறிட்டு அடிக்கும், தொட்டி வடிய வடிய மூத்திரம் மாதிரி ஒழுகும். மேலே நிற்கிற தண்ணீர் கீழே இருக்கிறதை நெட்டித் தள்ளுகிறது. உயரம் கூடினால் வழியும் அகலம், வேகமும் அதிகம். இரண்டும் சேர்ந்துதான் அந்த அஞ்சரை.

பதினெட்டு வருஷம் அந்தத் தகட்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு இது தெரியாமல் போனது எப்படி? போர் வண்டியில் யாரும் தண்ணீரைப் பங்கு போட்டதில்லை. அங்கே ரெண்டு இன்ச் என்றால் நல்லது, மூன்று என்றால் ரொம்ப நல்லது, நாலு என்றால் ஆட்டுக்கறி. அவ்வளவுதான். எந்த விவசாயியும் ஒரு இன்ச்சை இரண்டாகப் பிளந்து தா என்று கேட்டதில்லை. பிளந்தவன் இவன் ஒருத்தன்தான்.

பிறகு அவன் செய்த வேலை, செய்யாமல் இருந்திருக்கலாம் என்று அன்று பூராவும் தோன்றியது. நாற்பத்து நாலின் இரட்டிப்பு எண்பத்தெட்டு. டிரம் எண்பத்தெட்டு விநாடியில் நிரம்ப வேண்டும், அதுதான் நிஜப் பாதி. வால்வை மயிரிழை மயிரிழையாக மூடிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தடவையும் டிரம்மைக் கவிழ்த்தான். தோள் கெஞ்சியது. கடைசியில் டிரம் ஒன்றரை நிமிஷத்தில் நிரம்பியபோது ஸ்கேலைப் பார்த்தான். தண்ணீர் மூன்றில் நின்றது.

நாலில் பாதி மூன்று.

அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது கலைமணியோ அதிகாரியோ இல்லை. அவனுடைய அக்கா இருசம்மாள்.

ஆறு வருஷத்துக்கு முந்திய சித்திரை அது. இருசம்மாளின் மகள் வெற்றிச்செல்வி பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். துவைக்கத் துணி கிடந்தது. குழாயடியில் இருசம்மாள் எட்டாவது குடத்தை வைத்தாள். அவன் அதைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினான். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் அக்காளுக்கும் ஒரே நியாயம் என்று காட்டுகிற பெருமை அவனுக்கு. நம் பங்கு பாதி, அதற்கு மேல் ஒரு சொட்டுக் கேட்க நமக்கு நியாயம் கிடையாது என்று வேறு சொன்னான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்து ஒரு மக்காச்சோளக் காட்டுக் கிணற்றில் இறங்கினாள். படி வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகப் போயிற்று. நடவுக்கும் களைவெட்டுக்கும் போய் அவளைப்போல் வேலை செய்ய ஆள் இல்லை என்று பேர் வாங்கியவள், அன்றிலிருந்து கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலிதான். தம்பியோடு பேச்சு உண்டு. அந்தக் குடத்தைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை.

வால்வைப் பழையபடி ரெண்டுக்கே திருப்பி வைத்துவிட்டு, மத்தியானம் பஞ்சாயத்துத் தலைவர் வேணுகோபால் வீட்டுக்குப் போனான். முதலில் காலனிக்குப் போயிருக்க வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம் காலை அந்தப் பக்கம் இழுத்துப் போயிற்று. தலைவர் கொட்டகையில் கறவை மாட்டுக்கு ஹோஸால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இவன் சொல்லச் சொல்ல முதலில் சிரித்தார். நாலில் பாதி ரெண்டு என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதம் பீரோவில் இருக்கிறது, வெயிலில் தோண்டித் தோண்டி உனக்கு மண்டை காய்ந்துவிட்டது, உள்ளே போய் மோர் வாங்கிக் குடி என்றார். இவன் டிரம் கணக்கைச் சொன்னான். தலைவர் பால் சொசைட்டி நடத்துகிறவர், லிட்டர் தெரிந்தவர். ஹோஸை நிறுத்தினார். மாட்டின் முதுகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க தலைவரே."

ஊரில் இருநூறு கறவை இருக்கிறது, இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஆளுக்கு ரெண்டு மூன்று என்று லோன் போட்டு வாங்கினார்கள், நாளைக்குத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் அவன் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டுவான் என்றார். அதில் பொய் இல்லை. குரலைத் தாழ்த்தி, வேண்டுமானால் சீல் வைக்கிறதுக்கு முன்னால் சத்தமில்லாமல் ரெண்டரையில் நிறுத்திவிடு, அரை இன்ச் காலனிக்குத் தருமமாகப் போகட்டும் என்றார்.

ரெண்டரை வைத்தாலும் பாதி வராதுங்க, மூன்று வைக்கணும் என்றான் இளையபெருமாள்.

வேணுகோபால் அவனை நன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை. எடை போடுகிற பார்வை.

"பெருமாளு, ஒன்னு யோசிச்சுக்க. ரெண்டுன்னு சொன்னது ஊரா? நானா? அப்ப நான் தலைவரே இல்ல. சொன்னது உன் வாயி. தெனம் வால்வத் திருப்புனது உன் கை. நாளைக்கு இத நீ அவுத்து வுட்டா ஊர்க்காரன் அடிக்க மாட்டான், அவனுக்கு என்ன நட்டம், இத்தினி வருசம் தின்னவன் அவன். உன் சாதிசனந்தான் உன்னக் கிழிக்கும். கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாரு."

மோர் வந்தது. சில்வர் டம்ளரில் வந்தது. அந்த வீட்டில் காலனிக்காரனுக்குச் சில்வர் டம்ளரில் மோர் கொடுப்பது அளவுகாரனுக்கு மட்டும்தான். குடித்தான். 

மறுநாள் ஒன்பது மணிக்குப் பொறியாளர் வந்தார். சண்முகப்பிரியா என்று பெயர். முப்பதுக்குள் வயது, ஸ்கூட்டியில் வந்த வேர்வையோடு நேரே தொட்டி மேட்டில் ஏறினார். கூடவே இரும்புப் பெட்டியோடு வெல்டிங்காரர் ஒருவர். ஊர்ப் பக்கம் தலைவரோடு பதினைந்து பேர். காலனிப் பக்கம் கலைமணியும் இருபது முப்பது பெண்களும், ஆண்களில் வேலைக்குப் போகாமல் நின்றவர்களும். இருசம்மாளை யாரோ டி.வி.எஸ் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் இறங்காமல் வண்டியிலேயே கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

பொறியாளர் ஸ்கேலைப் பார்த்தார், ரெண்டு என்று குறித்தார். மொத்தம் நாலுதானே என்று கேட்டார். தலைவர் ஆமாம் என்றார். கசிவு உண்டா என்று கேட்டார். இளையபெருமாள் இல்லை என்றான். காகிதத்தை அவன் பக்கம் நீட்டி, பிரிப்பு சரிபாதி என்று இருக்கிற இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். வெல்டிங்காரர் பெட்டியை வால்வுக்கு மேலே பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை வாங்கினான்.   பிறகு பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"மேடம், இது பாதி இல்லீங்க."

தலைவர் அவன் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. குழிக்குள் ஏற்கனவே நின்ற நீல டிரம்மைக் காட்டி, மேடம் நீங்களே நேரம் பாருங்கள் என்றான். ரெண்டு இன்ச்சில் டிரம் நிரம்புகிறவரை எல்லாரும் நின்றார்கள். நாலு நிமிஷம் சும்மா நிற்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்தது. யாரோ இருமினார்கள். டிரம் வழிந்ததும் கவிழ்த்தான். ஊர் வால்வை மூடினான். தகட்டில் தண்ணீர் நாலுக்கு ஏறியது. பொறியாளர் மறுபடி போனைத் தட்டினார். ஒருத்தர் வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்தான், டிரம் வழிந்துவிட்டது.

விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. குடம் தூக்குகிற பெண்களுக்கு நிரம்புகிற நேரத்தைவிடத் தெரிந்த கணக்கு உலகத்தில் கிடையாது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பி அப்படியே நின்றது. சண்முகப்பிரியா போனில் ஏதோ அட்டவணையைத் தேடி எடுத்தார், இரண்டு எண்ணைப் பார்த்தார், முகம் சிவந்தது. ரெண்டு என்று தானும் குறித்துவிட்ட தாளை அடித்துவிட்டு, பாதி வேண்டுமென்றால் மூன்று வைக்க வேண்டும், அவர் சொல்வது சரி என்றார். இவ்வளவு நாள் யார் இதை ரெண்டில் வைத்தது என்று கேட்டார்.

"நாந்தாங்க. பதினோரு வருசமா. ரெண்டுன்னு சொன்னதும் நாந்தான்."

ஊர்ப் பக்கத்தில் ஒருத்தன், அப்போ இத்தனை நாளா எங்களைத் திருடன் என்று மனு எழுதியவர்கள் யாரப்பா என்று கலைமணியைக் குத்தினான். அவள் இளையபெருமாளைத்தான் பார்த்தாள். அவனை அவள் சித்தப்பா என்று கூப்பிடுகிறவள்.

"கசிவு கசிவுன்னு எங்கள எத்தினி வாட்டி திட்டினீங்க சித்தப்பா," என்றாள். "நாங்களும் கொழாயடியில ஒருத்திய ஒருத்தி சந்தேகப்பட்டு மயிரப் புடிச்சு அடிச்சிக்கிட்டோம்."

பூமாலை என்கிற கிழவர் காலனிக் கூட்டத்தின் முன்னால் நின்றார். பஸ் மறியலில் முதல் ஆளாக உட்கார்ந்து போலீஸ் அடி வாங்கியவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்க்காரன் வயிற்றில் அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அடித்தது நம் வீட்டுக் கை என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். தலைவர் சொன்னபடிதான் நடந்தது. ஒருவரும் இவனை மெச்சவில்லை. மெச்ச என்ன இருக்கிறது என்று இவனுக்கும் தெரிந்தது.

வால்வு மூன்றில் நிறுத்தப்பட்டது. பொறியாளர் இன்ச்சை அடித்துவிட்டு லிட்டரில் எழுதினார். தலைவர் வாயை இறுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போடாமல் இருக்க வழியில்லை, சரிபாதி என்று பீரோவில் இருக்கிற காகிதமே அவரைக் கட்டிப்போட்டது. பெட்டி வெல்டிங் ஆகிச் சீல் விழுந்தது. ஊர்ப் பக்கத்து ஆட்கள் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். அதில் ஒருத்தன் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் லோனில் ஜெர்சி வாங்கியவன். அவன் முகத்தையும் இளையபெருமாள் பார்த்தான். அதுவும் இவன் வால்வை நம்பி வாங்கிய மாடுதான்.

போகும்போது வேணுகோபால் அவனிடம் மோட்டார் ரூம் சாவியைக் கேட்டார். ஒண்ணாந்தேதியிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளும், பெட்டி போட்டாயிற்று, இனி அளக்க ஆள் எதற்கு என்றார். இவன் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். பதினோரு வருஷம் அது தொட்ட இடத்தில் தோல் கறுத்திருந்தது.

காலனியில் அன்று குழாய் வேறு மாதிரி விழுந்தது. பெண்கள் ஏழாவது குடத்தோடு பழக்கத்தில் விலகி நின்று, பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு எட்டாவதை வைத்தார்கள். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வீட்டில் வேறு பாத்திரம் இல்லாதவர்கள் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிடைக்காத காலமெல்லாம் எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும் என்பது கண்ணுக்கு எதிரே விழுந்துகொண்டிருந்தது.

இளையபெருமாள் வரிசையில் கடைசியாக நின்று ஒரு குடம் பிடித்தான். வலது தோள் ஏற்காது என்று இடது தோளில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். இருசம்மாள் வீடு வந்து சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் குடத்தை இறக்கினான்.  அவள் குடத்தைப் பார்த்தாள், தளும்பி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நாளைக்கி எத்தினி கொடம்டா கொறஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

"வூட்டுக்குப் பதிமூணுக்கா. இருவது வரணும். ஏழுதான் வந்துச்சு."

அவள் விரலை மடக்கவில்லை. கணக்கு அவளுக்குத் தேவையில்லை போலிருந்தது. குட்டைக் காலை இரண்டு கையாலும் தூக்கி வசதியாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுதானடா கேட்டேன்."

அவன் நின்றான். அவள் குடத்தை உள்ளே எடுத்து வை என்றும் சொல்லவில்லை, எடுத்துப் போ என்றும் சொல்லவில்லை. வேலை போயிடுச்சாமே என்றாள். ஆமாம் என்றான். சாப்பிட்டியா என்றாள். இல்லை என்றான். சோறு இருக்கு, போட்டுக்க என்றாள். அவன் சாப்பிட்டான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். குடம் வாசலிலேயே இருந்தது.

தண்ணீர் இப்போது சரியாக வருகிறது. முந்தியது வரவில்லை. சின்னப்பாறைக்குடி காலனிக்கு வீட்டுக்கு நாளொன்றுக்குப் பதிமூன்று குடம் வீதம் பதினோரு வருஷத்துத் தண்ணீரும், அதில் இருசம்மாளுக்குச் சேர வேண்டிய எட்டாவது குடம் ஒன்றும், இளையபெருமாள் பேரில் இன்னும் பாக்கி.